குதிகாலில் பூசிய ஆட்டு வால்

1

இந்தக் கதை ஒரு போன் பேச்சில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகத்தூண்டல் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள எனக்கு வராது. மதுரையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். மார்கழி இதழில் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறதாம்.

"வறண்ட தோல், வெடிச்ச உதடு, பித்தவெடிப்பு, எல்லாத்துக்கும் இயற்கையான வழி ஒரு பத்து எழுதிக் குடுங்க மேடம். நீங்கதான் மைனஸ் முப்பதுல உக்காந்திருக்கீங்க. கதை கிதைன்னு நீட்டிராதீங்க."

நீட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதவும் உட்கார்ந்தேன்.

வழி ஒன்று: உதடு காய்ந்தால் நாக்கால் நனைக்காதீர்கள். எச்சில் உலரும்போது உதட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

வழி இரண்டு: குளித்துத் துவட்டிய கையோடு, உடம்பில் ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் சுகமாகத்தான் இருக்கும். தோலுக்கு அதுதான் எமன்.

வழி மூன்று: ஆட்டு வால் கொழுப்பை உருக்கி

உருக்கி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. உருக்கியவர் எங்கள் பக்கத்து வீட்டு எஷிம். அவர் உருக்கியது வெறும் கொழுப்பு என்றால் நானும் வழி மூன்று என்று போட்டுவிட்டு நாலுக்குப் போயிருப்பேன். அது அவர் மகளின் நிச்சயதார்த்தம். ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். மீதி வழிகளை வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

2

ஆரம்பம் அமையவில்லை. அடித்ததை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

[முதல் முயற்சி: "நாரின் ஆற்றின் மேல் வெண்பனி போர்வை விரித்திருந்தது. தொலைவில் மலைமுகடுகள்" — வேண்டாம். வீட்டுக்காரர் இந்தக் கிர்கிஸ் நாட்டு ஊரில் கல்லூரியில் பாடம் சொல்ல வந்த நாள் முதல் இந்தப் பனியோடு குடித்தனம் நடத்துகிறேன். பனியைப் பார்த்தால் எனக்கு மண்வெட்டி எங்கே என்றுதான் தோன்றும்.]

[இரண்டாவது: "எஷிம் வாலை வெட்டினார், ஓர் உறவு அறுந்தது" — சீ, சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது.]

[மூன்றாவது: "கல்யாணப் பெண்ணின் கைகளை" —]

மூன்றாவது பாதியில் நின்றாலும் நல்ல இடத்தில் நிற்கிறது. கையிலிருந்தே தொடங்குகிறேன்.

எஷிமின் மகள் புருல்சா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒவ்வொரு பிள்ளையைத் தொடுவதற்கு முன்னாலும் கை கழுவவேண்டும், தொட்ட பின்னாலும் கழுவவேண்டும். பிளீச்சிங் வாடை அடிக்கிற தண்ணீர், உள்ளே ஹீட்டர் காய்ச்சல், வெளியே வந்தால் கத்திக் காற்று. நவம்பர் பிறந்தால் விரல் கணுவெல்லாம் வெடித்து, மடக்கினால் ரத்தம் எட்டிப்பார்க்கும். காலையில் வேலைக்குப் போகும்போது என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அவள் கோட்டுப் பொத்தான்களை நான்தான் போட்டுவிடுவேன். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. அந்தப் பொத்தான் போடுகிற நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் தலாய். மலைக்கு அந்தப் பக்கம் அத்-பாஷிக்காரன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பேச்சும் கனிந்து வந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ புண்ணியவதி அவன் அம்மா சேயில்கான் காதில் ஓதிவிட்டாள்: பெண்ணுக்குக் கையில் தோல் வியாதி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

சேயில்கான் அம்மா சொல்லியனுப்பினார்: "நேர்ல வந்து கையப் பாக்கேன். பாத்துட்டுத்தான் ஈரலும் வாலும்."

ஈரலும் வாலும் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இங்கத்து ஆட்டுக்கு வால் என்பது பின்னால் தொங்கவிட்ட ஒரு தலையணை, முழுக்கக் கொழுப்பு. பெண் பேசி முடித்ததும், ஒரே ஆட்டின் ஈரலையும் வால் கொழுப்பையும் வேகவைத்து மெல்லிசாக நறுக்கி, ஒன்றாகச் சேர்த்து, சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவார்கள். நம்மூரில் தட்டு மாற்றுகிற மாதிரி. தின்றாகிவிட்டால் அப்புறம் பின்வாங்கக் கூடாது. தின்னவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

(இடையில் ஒன்று. இவர்கள் எல்லோரும் பேசுவது கிர்கிஸ் மொழி. என் காதில் அது எங்கள் திருநெல்வேலிப் பேச்சாகத்தான் விழுகிறது. திருத்தி எழுதிப் பார்த்தேன். எஷிம் சுத்தத் தமிழ் பேசினால் வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் விழுந்தது விழுந்தபடி.)

3

விருந்தாளிகள் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலையில் ஆடு அடித்தாயிற்று. வெள்ளை வெளேரென்று ஒரு வால். அனார்கான் (புருல்சாவின் அம்மா, வாயும் வேகமும் ஒருபோல) அதைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த முன்னறையில் தொங்கவிட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

புருல்சா வேலை முடிந்து வந்தாள். தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனவள் "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. கோப்பையின் வெளிப்புறத்தில் அவள் விரல் பட்ட இடம் சிவப்பாக இருந்ததை எஷிம் பார்த்தார். நிலக்கரி லாரி ஓட்டுகிற மனிதர், பேச்சு கம்மி. எழுந்துபோய் வாலை எடுத்துவந்தார்.

கொஞ்சம்தான் வெட்டுவதாக நினைத்தாராம். கத்தி நல்ல கத்தி. வாலும் புது வால். வெட்டிக்கொண்டே போனதில் மிச்சம் வைக்க மனசு வரவில்லை. பொடியாக நறுக்கி, சின்னத் தீயில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆற்றங்கரை முள்புதரில் காய்க்கிற ஆரஞ்சு நிறப் பொடிப் பழத்தின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கெட்டிப்படக் கொஞ்சம் தேன்மெழுகும் போட்டார். ஆற ஆற இறுகி மஞ்சள் வெண்ணெய் மாதிரி வந்தது. நிச்சயத்துக்கு என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. நாளைக்குத் தம்பி மந்தையிலிருந்து இன்னொரு ஆடு, புது ஈரல், புது வால். சனிக்கிழமைக்கு ஆயிற்று.

இரண்டு சீசா நிரம்பியது. ஒன்று மகளுக்கு. இன்னொன்றை என் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார்.

"மதினி, உங்க பித்தவெடிப்புக்கு. ராத்திரி பூசி காலுறையப் போட்டுக்கிடுங்க."

நான் சைவம். பிறந்ததிலிருந்து மாமிசம் நாக்கில் பட்டதில்லை. இந்த ஊரில் அதைக் காப்பாற்றிக்கொண்டு வருவது என்ன பாடு என்பது தனிக் கதை. ஆனால் காலில் பூசலாம், வாயில் படக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். பூசினேன். சொர்க்கம்.

[வழி மூன்றுக்கு வேண்டிய செய்தி முழுவதும் மேலே இருக்கிறது. ஒரே ராத்திரியில் வெடிப்பு மூடிவிடும் என்று எந்தப் பத்திரிகையாவது போட்டால் நம்பாதீர்கள். எரிச்சல் அடங்கும், பொருக்கு இளகும், விரலை மடக்க முடியும். அதுவே பெரிய காரியம்.]

4

வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்கு என் கதவு இடிபட்டது. அனார்கான், தலையில் முக்காடுகூட இல்லாமல்.

"அக்கா, அந்தச் சீசா எங்க?"

"என்ன ஆச்சுட்டி?"

"அவுக வந்துட்டாக. சாயங்காலம் பெரும்பனி வருதாம், மலப்பாதைய அடைச்சிருவாகளாம், அதான் இன்னைக்கே கெளம்பி வந்துட்டாக. உள்ள உக்காந்து தேயிலை குடிக்காக. நான் வாலத் தேடுதேன், துணிதான் தொங்குது. இந்த மனுசனுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? மகளுக்குக் கை நல்லா இருக்கணும்னு கல்யாணத்த உருக்கிட்டாரு."

"தம்பி வீட்டு ஆடு?"

"அத இனிமேப் போயி பிடிச்சு, அடிச்சு, வேகவச்சு? அதுக்குள்ள பாதை மூடிரும்."

"கடையில வால் விக்குமே."

"ஈரல் இந்த ஆட்டு ஈரலு, வால் வேற ஆட்டு வாலா? ரெண்டு உசுரு ஒண்ணா இருக்கணும்னுதான அக்கா அதத் திங்குறது. அந்தம்மா கேக்காம விடுமா? ஒரே ஆடுதானான்னுதான் மொதக் கேள்வியே."

புருல்சாவின் சீசா என்ன ஆயிற்று என்று கேட்டேன். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வார்டு நர்ஸுகள் எல்லோருக்கும் பூசிவிட்டு வந்திருக்கிறாள். சீசாவைக் கழுவியும் வைத்துவிட்டாள். ஆக, அந்த ஆட்டின் வால் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது என் ஜன்னலோரச் சீசாவில் பாதிதான். மற்ற பாதி என் குதிகாலில்.

காலுறையைப் பார்த்துக்கொண்டே சீசாவை எடுத்துக் கொடுத்தேன். அனார்கான் வாங்கவில்லை.

"நீங்களும் வாங்க அக்கா. நான் ஒத்தையில அவுக முன்னால போயி நிக்கமாட்டேன்."

5

சேயில்கானைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவருக்குத் தங்கப் பல், இடுங்கிய கண், அலட்சியச் சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். தமிழில் மாமியார் என்று எழுதினால் போதும், பேனா தானாகவே வில்லியை வரைய ஆரம்பித்துவிடுகிறது. நான் பார்த்த சேயில்கானோ மூக்கு நுனி சிவந்து, கம்பளிச் சால்வைக்குள் ஒடுங்கி, உள்ளே வந்த நேரத்திலிருந்து அடுப்புப் பக்கமே நகர்ந்துகொண்டிருந்த ஒரு மனுஷி. பல் எல்லாம் சொந்தப் பல். அதனால் வில்லியை எடுத்துவிட்டேன். கண்டிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், அது அவருடையதுதான்.

நாங்கள் உள்ளே போனபோது அவர் புருல்சாவின் கையைத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கணுவை அழுத்தினார். உள்ளங்கையை முகத்துக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தலாய் வெளியே காரில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியே அவன் தொப்பி மட்டும் தெரிந்தது.

"வியாதி ஒண்ணும் இல்ல," என்றார். "சோப்புத் தண்ணி. குதிரப் பால் கறக்குத காலத்துல என் கையும் இப்பிடித்தான் கெடக்கும்."

அனார்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சேயில்கான் கையை விடவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இது வால் வாசம்லா. புது வாலு. அடிச்சு ஒரு நாள் இருக்குமா?"

எஷிம் தலையாட்டினார்.

"அப்ப இன்னைக்குத் தட்டுல வர வேண்டிய வாலு?"

"இதுல இருக்கு," என்றாள் புருல்சா. என் கையிலிருந்த சீசாவைத்தான் காட்டினாள்.

சேயில்கான் சீசாவைப் பார்த்தார், எஷிமைப் பார்த்தார். சிரிப்பு வந்து உதடுவரை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"இது மருந்து. இத வச்சு நான் என்ன செய்யட்டும்? ஊருக்குப் போனதும் தின்னாச்சான்னு கேப்பாக. என்னத்தச் சொல்லுவேன், பூசிட்டு வந்தேன்னா? பொய் சொல்ல எனக்கு வராது. விடுங்க, பனி உருகட்டும், வசந்தத்துல பாப்போம்."

வசந்தத்துல பாப்போம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தலாய்க்குக் கட்டிவைக்க அவன் மாமன் வேறொரு பெண்ணைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். புருல்சாவின் முகம் அப்படியே வாடிவிட்டது.

"மருந்தில்ல, சாப்பாடுதான்," என்றார் எஷிம். அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்: "வாலு, பழத்து எண்ணெய், தேன்மெழுகு. வாயில வைக்கக் கூடாதது எதையும் நான் மக கையில பூசமாட்டேன். இந்தா, நானே திங்கேன்."

"நீங்க மகளப் பெத்தவரு. ஆணியக் குடுத்தாலும் திம்பிய." சேயில்கான் என் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா யாரு?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"இவுகளுக்கு இதுல லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. இவுக வாய் படட்டும். அது சாப்பாடுதான்னு இவுக காட்டிட்டா, ஈரல அதுல தொட்டு நானும் திங்கேன், உங்களுக்கும் ஊட்டுதேன்."

வாய் படட்டும் என்பது இந்த ஊர்ச் சொல். வந்தவர் உட்கார நேரமில்லை என்று கிளம்பினால், வாசலில் ரொட்டியை நீட்டி இதைத்தான் சொல்வார்கள். ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் வைத்தால் போதும், சாப்பிட்ட கணக்கு. படாமல் போனால் அந்த வீட்டுக்கே அவமானம்.

"அவுக மாமிசம் தொடமாட்டாகளே," என்றாள் அனார்கான்.

"தொடமாட்டாகளா? அப்பச் சீசா பாதி எப்பிடிக் கொறஞ்சது?"

"அது குதிகால்ல..."

"குதிகால் சைவம் இல்லையோ?"



6

இந்த இடத்தில் கதையை வேறு விதமாக முடித்துப் பார்த்தேன்.

ஒரு முடிவில் தலாய் உள்ளே பாய்ந்து வருகிறான், "அம்மா, எனக்கு வாலும் வேண்டாம் ஈரலும் வேண்டாம்" என்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத் தலாய் பெரியவர்கள் பேசும்போது உள்ளே வருகிற பையன் அல்ல. அவன் காருக்குள்ளேயே இருந்து ஜன்னல் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

இன்னொரு முடிவில் நான் எழுந்து நின்று, என் குலம், கோத்திரம், கொள்கை எல்லாவற்றையும் விளக்கி, சேயில்கான் மனம் மாறுகிறார். இதைப் படித்துப் பார்த்து நானே கொட்டாவி விட்டேன். அதோடு, கதாசிரியரே ஒரு பாத்திரமாக உள்ளே வந்துவிட்டால் அவள் பேச்சை நம்பக் கூடாது. அவளுக்குத் தன்னை நல்லவளாகக் காட்டத்தான் தோன்றும். நான் அப்போது உண்மையில் நினைத்தது இதுதான்: ஏண்டா இந்தச் சீசாவை வாங்கினோம்.

மூன்றாவது நடந்தது. அதைச் செய்தவள் நான் இல்லை.

புருல்சா எழுந்து என் முன்னால் வந்து மண்டியிட்டாள். வார்டில் நோயாளியைப் பார்க்கிற முகம். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, உங்க உதடு எப்பிடி வெடிச்சிருக்கு. கீழ் உதட்டுல ரத்தமே வருது. கவனிக்கவே மாட்டியளா?"

வெடித்துத்தான் இருந்தது. இந்த ஊரில் யாருக்கு வெடிக்காது.

"உதட்டுக்குப் பூசுனா மருந்துதான, அத்தை?" அவள் குரல் என் காதுக்கு மட்டும் எட்டும் அளவில் இறங்கியது. "மருந்து பூசுனா உங்க சாமி கோவிக்குமா?"

கோபித்துக்கொள்ளாது என்று தலையசைத்தேன். அசைத்தேனா, தலை தானாக அசைந்ததா தெரியாது. அவள் சீசாவைத் திறந்து விரலால் எடுத்தாள். மடங்க மறுத்து, பொத்தான் போட தினமும் என் வாசலுக்கு வருகிற அதே விரல். என் கீழ் உதட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பூசினாள். பிறகு மேல் உதட்டில். வெதுவெதுப்பாக இருந்தது. எரிச்சல் அந்த நிமிஷமே அடங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

"வாய் பட்டுருச்சு," என்றாள் புருல்சா, சேயில்கானைத் திரும்பிப் பார்த்து.

"உதடு பட்டிருக்கு," என்றார் சேயில்கான். "பூசுனதா தின்னதாங்கத நான் பாத்துக்கிடுதேன்." கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். எஷிம் பார்த்தார். அனார்கான் பார்த்தாள். புருல்சா மட்டும் பார்க்கவில்லை. சீசாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். வெளியே அந்தப் பெரும்பனி விழ ஆரம்பித்திருந்தது.

7

இதற்கு மேல் எழுதமாட்டேன்.

மறந்துபோனதால் அல்ல. இந்தப் பத்திரிகையைத் திருநெல்வேலியில் என் பெரியம்மா வாங்குகிறார். விளம்பரம் விடாமல் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர். வெள்ளைப் பூண்டு வதங்கிய வாணலியில் வெண்டைக்காய் வதக்கினால் சாப்பிடமாட்டார். நான் அந்த நிமிஷம் என்ன செய்தேன் என்பதை அச்சில் போட்டு அவர் கைக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்கு வேண்டிய மற்றதைச் சொல்கிறேன். ஜூன் மாதம் புருல்சாவுக்குக் கல்யாணம் நடந்தது. நான் பட்டுப்புடவையும் மேலே கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வேலையை அவள் விடவில்லை. குளிர்காலம் வந்தால் கை இன்னும் வெடிக்கத்தான் செய்கிறது. எஷிம் வருஷா வருஷம் உருக்குகிறார், ஆனால் வாலை எடுக்கும் முன் இப்போதெல்லாம் அனார்கானிடம் கேட்டுவிடுகிறார். அத்-பாஷியிலிருந்து சேயில்கான் மாதம் ஒரு தடவையாவது எனக்குப் போன் போடுகிறார். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"என்ன சம்மந்தி, உதடு எப்பிடி இருக்கு?"

வாலைத் தின்னாத ஆளை இந்த ஊரில் அப்படிக் கூப்பிடமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். வயதானவர், பிரியத்தில் கூப்பிடுகிறார் என்று பெரியம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

ஆசிரியருக்கு: வழி ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். உதட்டில் எதைப் பூசினாலும் நாக்கால் தொடக் கூடாது. படிப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கீழ் உதட்டில் ஒரு துளி நெய் தடவிக்கொண்டு, நீங்கள் பொத்தான் போட்டு வளர்த்த பெண் ஒருத்தி எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, நாக்கு வெளியே வராமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பாருங்கள். கதையின் முடிவு அங்கே இருக்கிறது. பெரியம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.